ஏ வகை ஆம்ப்ளிஃபையரும் லட்சுமணனின் காதும்

ஹேமநாதன் புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையரைச் செய்து முடித்தால், அதில் முதலில் பாட்டுப் போடமாட்டார். மின்சாரத்தை மட்டும் கொடுத்து, ஸ்பீக்கரின்மீது காதை ஒட்டிவைத்துக் கேட்பார். உறுமலோ இரைச்சலோ சிறிதும் இல்லை என்று உறுதியான பிறகே பாட்டு. அதுவரை அவருடைய மனைவி ராதிகா அந்த அறையில் மின்விசிறியைக்கூடப் போடக் கூடாது.

எங்கள் திருமுல்லைவாயில் தெருவின் மேற்குக் கோடியில் இருக்கிறது அவர் வீடு. முன்னறைதான் பட்டறை. நிலத்தில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலம் மனைகளாகப் பிரிந்து போன பிறகு, அவர் பாலிடெக்னிக்கில் படித்து மின்னணுவியல் கற்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள சிறு ஆலைகளின் மின்வழங்கிப் பலகைகளைப் பழுதுபார்ப்பது அவருக்குப் பிழைப்பு. ஆம்ப்ளிஃபையர் செய்வது, அவரே சொல்வதுபோல், மூச்சு. தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் செய்து தருவார். தரம் குறைந்த ஒரு பாகத்தைக்கூடப் பொருத்தி அவர் கொடுத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர், தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்த கருவியை நினைத்துத்தான் சென்ற கோடையில் உறக்கமின்றித் தவித்தார்.

அந்தக் கருவியைக் கேட்டு வந்தவர் லட்சுமணன். ஆவடியில் உள்ள ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து, பணிக்காலம் முழுவதையும் குவார்ட்டர்ஸிலேயே கழித்தவர். குவார்ட்டர்ஸில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. இரவுப் பணி முடித்து வந்த யாரோ ஒருவர், ஏதோ ஒரு சுவருக்கு அப்பால், எந்நேரமும் உறங்கிக்கொண்டிருப்பார். ஆகையால் எந்த வீட்டிலும் வானொலி உரக்கப் பாடாது. பகலில் குழந்தை வீறிட்டு அழுதால் தாய் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். லட்சுமணனின் மனைவி நாகம்மாளுக்கு நாகசுரம் என்றால் உயிர். நாலு தெருவுக்குக் கேட்கவேண்டிய அந்த வாத்தியத்தை, அவர் ஆயுள் முழுவதும் அடுப்பங்கரைத் தாளிப்பு ஓசையைவிட மெல்லியதாகவே கேட்டு வந்தார்.

லட்சுமணனும் இசை தெரியாதவர் அல்லர். குவார்ட்டர்ஸ் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்தவர். வாசிப்பு சுமார்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். ஆனால், சுருதி சேர்ப்பதில் அவருக்கு நிகர் அவரே. மற்றக் குழுக்காரர்கள்கூடத் தங்கள் மிருதங்கத்தை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சேர்த்துக் கொடுப்பார். அந்தக் குழுவின் மைக் செட்டைப் பழுதுபார்க்கப் போனபோதுதான் ஹேமநாதனுக்கு அவர் அறிமுகமானார்.

ஓய்வுக்குப் பின் லட்சுமணன் திருநின்றவூரில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தளவீடு கட்டிக் குடியேறினார். குடியேறிய ஆண்டே நாகம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கோடைக்கு முந்தைய ஐப்பசியில் லட்சுமணன் ஹேமநாதனின் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அவளுக்கு ஒரு நல்ல செட்டு பண்ணிக் குடுங்க. பழைய கேசட்டெல்லாம் பென்டிரைவ்ல ஏத்தி வெச்சிருக்கேன். கேக்கறதுக்குத்தான் உருப்படியா ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா."

"பண்ணிடலாம்ணே. அண்ணிக்குன்னா ஸ்பெஷலா பண்ணிடலாம்," என்றார் ஹேமநாதன்.

வீடு எத்தகையது, கட்டில் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஒலியில் கேட்பீர்கள் என்னும் கேள்விகளை அன்று அவர் கேட்கவில்லை. ஆலைக்காரர்கள் வந்தால், எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு வெப்பம் உள்ள இடம் என்றெல்லாம் குடைந்து கேட்பவர்தான். இங்கே அவர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. கேள்விகளுக்கு முன்பே அவர் மனத்தில் விடை இருந்தது.

அந்த விடையைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். நல்ல ஆம்ப்ளிஃபையர் செய்ய விரும்புகிறவருக்கு முன்னால் சில வழிகள் உள்ளன. ஒன்று, பழைய வால்வு. அதற்குத் தேவையான தரமான மின்மாற்றியை இங்கே சுற்றித்தருவார் இல்லை என்று ஹேமநாதன் அதை ஒதுக்கினார். மற்றொன்று, டி வகை. மின்சாரத்தை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை வெட்டி ஒட்டி ஒலியை உண்டாக்குவது, சூடே ஆகாது, கைக்கடக்கமான பலகையாகக் கடையிலேயே கிடைக்கும். 'வாங்கி மாட்டுவதற்கு நான் எதற்கு?' என்று அதையும் ஒதுக்கினார். எஞ்சியவை ஏ வகையும் ஏபி வகையும். ஏபி வகையில், ஒலி அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும். பாரம் கைமாறும் இடத்தில் நேரும் தடுக்கலை நீக்க, இரண்டிலும் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடும்படி வைப்பார்கள். ஏ வகையிலோ கைமாற்றமே இல்லை. இரண்டும் முழுப் பாரத்தையும் முழுநேரமும் சுமந்து நிற்கும். தடுக்கலுக்கு இடமே இல்லை. ஆனால், பாடினாலும் பாடாவிட்டாலும் முழு மின்சாரமும் செலவாகி வெப்பமாக வெளியேறும். இன்னும் சொன்னால், ஏ வகை ஆம்ப்ளிஃபையர் மிக அதிகமாகச் சூடாவது அது மௌனமாக இருக்கும்போதுதான்.

ஹேமநாதன் அதுவரை செய்தவை எல்லாம் ஏபி வகை. அம்பத்தூரில் ஆண்டுக்கொரு முறை ஒலி ஆர்வலர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். ஆளுக்கொரு கருவியைக் கொண்டுவந்து இயக்கிக் காட்டுவார்கள். முந்தைய ஆண்டு அங்கே கோகுல்நாத் என்னும் மென்பொருள் பொறியாளர், ஹேமநாதனின் கருவியைக் கேட்டுவிட்டு, "ஏபி தானா சார்? நல்லாருக்கு. எல்லாரும் பண்றதுதானே, தப்பு வராது," என்று புன்னகையுடன் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அந்தப் புன்னகை ஓர் ஆண்டாக ஹேமநாதனின் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுத்த கூட்டத்துக்கு ஏ வகையில் ஒன்று செய்தாக வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். லட்சுமணன் அந்தக் காரணமாக வந்து உட்கார்ந்தார்.

ஆயினும், முறைப்படிச் சோதித்துப் பார்க்கவே எண்ணினார். ஒரே மின்சுற்றை இரண்டு பெட்டிகளில் அமைத்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, உள்ளே இருக்கும் ஒரு சிறு திருகுதான். பாட்டில்லாதபோதும் ஓடுகிற மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு அது. ஒரு பெட்டியில் அதைக் கூட்டி ஏ வகையாக்கினார். மற்றொன்றில் குறைத்து ஏபி வகையாக வைத்தார். ராதிகா, அம்பத்தூரில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். கணவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத் தலையாட்டுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க, எது எதுன்னு தெரிஞ்சிகினே கேட்டா எப்டி? நாங்க துணி செக் பண்ணும்போது எந்த லைன் துணின்னு பேர மறைச்சிட்டுத்தான் பாப்போம். திரும்பி உக்காரு. நான் மாத்தி மாத்தி வெக்கிறேன், சொல்லு."

அவர் திரும்பி உட்கார்ந்தார். ராதிகா மாற்றி மாற்றி வைத்தார். ஹேமநாதன் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும்.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதான். சூடாவாததக் குடுத்துடு," என்றார் ராதிகா. "அத்த நம்ம ஊட்லயே வெக்க முடியல. தோசக்கல்லு மாதிரி கொதிச்சிகினு கீது."

"உனுக்கு இன்னா தெரியும்? ராத்திரி கரண்டு சரியா வராம இருந்திருக்கும்."

பெட்டி செய்து கொடுக்கிற யூசுபும் ஏறத்தாழ அதையே சொன்னார். தொழிற்பேட்டையில் தகட்டு வேலைப் பட்டறை வைத்திருக்கும் பால்ய நண்பர் அவர். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகள் எவ்வளவு பெரியவையாக இருக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"மச்சான், இது ஆம்ப்ளிஃபையரா, இஸ்திரி வண்டியா? கரி போடற வாசல் எந்தப் பக்கம் வெக்கணும், அத்தையும் சொல்லிடு."

"கலாய்க்காத மாமே. கேட்டா அசந்துடுவ."

"நான் அசர்றது இருக்கட்டும். யாரு ஊட்டுக்குப் போவுது இது?"

ஹேமநாதன் துடுப்புகளின் அளவை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மார்கழியில் லட்சுமணனை அழைத்து இரண்டையும் கேட்கச் செய்தார். கூரை உயரமான பட்டறை, வெளியே பனி. ஏ வகைப் பெட்டியின் சூடு அன்று இதமாகவே இருந்தது. லட்சுமணன் கண்களை மூடிக்கொண்டு, ஒரே நாகசுர ஆலாபனையை இரண்டிலும் முழுமையாகக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"ரெண்டுமே ஒண்ணாத்தான் இருக்கு தம்பி."

ஹேமநாதன் தாமும் அப்படித்தான் உணர்ந்ததாகச் சொல்லியிருக்கலாம். ஏபியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருக்கலாம். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே. வித்தியாசம் கீது. எஞ்சின் சத்தத்துலயே இத்தினி வருஷம் இருந்துட்டீங்க இல்ல? காது கொஞ்சம் அடிவாங்கியிருக்கும். கேக்கக் கேக்கத் தெரியும், பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லட்சுமணனும் சிரித்தார். ஆனால், சிரிப்பு அடங்கிய பிறகு வலக்காதின் ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். கூட வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேரு செவிடாயிட்டாங்க. எனக்கும் வந்திருக்கும். நீங்க எது நல்லதுன்னு சொல்றீங்களோ, அதையே குடுங்க."

பொங்கலுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த கருவி, ஒலி ஆர்வலர் கூட்டம் முடிந்த பிறகே திருநின்றவூர் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் கோகுல்நாத் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே நெடுநேரம் உட்கார்ந்தார். மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். படம் எடுத்துக்கொண்டார். "பியூர் கிளாஸ் ஏ! சார், வேற லெவல்!" என்றார். ஹேமநாதனுக்கு வேண்டியது அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது.

அதன் பிறகு லட்சுமணனிடமிருந்து செய்தி ஒன்றும் இல்லை. பங்குனியில் ஹேமநாதனே தொலைபேசியில் விசாரித்தார். "நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு," என்று விரைவாகச் சொல்லிவிட்டு, லட்சுமணன் பேச்சை மழை பக்கம் திருப்பினார். நல்ல பொருளைக் கொடுத்தவர்களிடம் வாங்கியவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்பது ஹேமநாதனுக்குத் தெரியும். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே நாள்களைக் கடத்தினார். கடைசியில், கத்திரி வெயில் தொடங்கிய பிறகு, ஒரு பிற்பகலில் மின்சார ரயிலேறித் திருநின்றவூரில் இறங்கினார்.

கதவைத் திறந்த லட்சுமணன் ஒரு கணம் திகைத்தார். "வாங்க தம்பி, வாங்க. சொல்லிட்டு வந்திருக்கலாமே," என்று சொல்லியபடியே அவசரமாக உள்ளே திரும்பிப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்பது நுழைந்ததும் தெரிந்தது. ஆம்ப்ளிஃபையரின்மீது, பூ வேலை செய்த ஒரு தலையணை உறை போர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் மாத்திரைப் பெட்டியும் ஒரு சொம்பும் இருந்தன. கட்டிலில், நாகம்மாளின் தலைமாட்டில், கைப்பேசியிலிருந்து நாகசுரம் கொசு ரீங்காரம்போல் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கூடத்தின் வெப்பத்தை ஹேமநாதன் முகத்தில் அறைந்ததுபோல் உணர்ந்தார். மேலே வெறும் தளம்; வெயில் முழுவதும் அதில் இறங்கியிருந்தது. நாகம்மாளின் கழுத்தில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. குளிர்சாதனக் காற்றுப் பட்டால் விழுந்த கை இழுத்துக்கொள்ளும் என்பதால், அவருக்கு இருந்தது மேலே சுழலும் மின்விசிறி மட்டும்.

"ஹேமநாதன் தம்பியா? உக்காருங்க," என்றார் நாகம்மாள். அவர் பேச்சு சற்றுக் குழறும், ஆனால் தயங்காது. "உங்க பொட்டி நல்லாத்தான் பாடுது. குத்தம் சொல்லப்படாது. ஆனா, பக்கத்துல யாரோ காய்ச்சக்காரன் ஒருத்தன் படுத்திருக்கிற மாதிரியே இருக்கு."

"நாகு, சும்மா இரு," என்றார் லட்சுமணன்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? ஜன்னல்கிட்ட வெச்சுப் பாத்தாரு தம்பி. அதுக்குன்னு தனியா ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வெச்சாரு. அப்புறம் ஃபேன் கச்சேரிதான் கேட்டுச்சு. மாசி வரைக்கும் பரவால்ல. இப்போ அரைமணி நேரம் போட்டா எனக்கு மூச்சு முட்டுது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவரு கட்டுப்பாடு. பையன் ஆசையா பண்ணது, மனசு நோகும்னு."

லட்சுமணன் சங்கடத்துடன் சொம்பையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துவிட்டு, உறையை நீக்கிக் கருவியை இயக்கினார். விருந்தினருக்காகப் போட்டுக் காட்டுகிறவர் ஒலியைக் கூட்டித்தான் வைப்பார் என்று ஹேமநாதன் எதிர்பார்த்தார். லட்சுமணனோ ஒலித் திருகை ஒரு நகக்கண் அளவு நகர்த்திவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இவ்ளோதான் வெப்பீங்களாண்ணே?"

"இதுவே ஜாஸ்தி. அடுத்த வீட்டுப் பையன் ராத்திரி ஷிஃப்டு, அம்பத்தூர்ல கம்பெனி. பகல்லதான் தூங்குவான்."

குவார்ட்டர்ஸை விட்டு வந்தும் அந்தச் சட்டம் அவர்களோடு வந்திருந்தது. ஹேமநாதன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு மெல்லிய ஒலிக்கு ஏபி வகையில் உள்ள டிரான்சிஸ்டர்கள் பாரத்தைக் கைமாற்றவே நேராது. அந்தச் சிறு மின்னோட்டத்துக்குள்ளேயே பாட்டு முழுவதும் அடங்கிவிடும். அதாவது, இவர்கள் கேட்கிற அளவில் ஏபி வகையே ஏ வகைதான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது ஐப்பசியிலேயே தெரிந்திருக்கும். கேட்காததனால், நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டை ஒரு நோயாளியின் கட்டிலுக்கருகே ஏற்றி வைத்ததற்கு ஒப்பான வேலையைச் செய்திருந்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் நாகம்மாள் தொடர்ந்தார். "அதுகூடப் பரவால்ல தம்பி. இவரு பஜனைக்குப் போறதையே நிறுத்திட்டாரு. மிருதங்கம் உள்ள பரண்ல கிடக்கு. சுருதி சேக்கச் சொல்லி ஆளு வந்தா, காது போச்சுன்னு திருப்பி அனுப்பிடறாரு."

"வயசாச்சு நாகு. அத விடு," என்றார் லட்சுமணன். பிறகு ஹேமநாதன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "கேக்கக் கேக்கத் தெரியும்னு சொன்னீங்க. நானும் தினம் உக்காந்து கேட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல தம்பி. இதுவே தெரியாதவன் சுருதி என்னத்த சேக்கறது?" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஹேமநாதனின் வாயிலிருந்து வந்ததோ வேறு. "உள்ள ஒரு சின்ன கோளாறு கீதுண்ணே. அதான் இந்த சூடு. சனிக்கிழம மீட்டர் எடுத்துகினு வந்து சரி பண்ணிடறேன்."

லட்சுமணனின் முகம் சுருங்கியது. "நான் ஏதாவது தப்பா போட்டுட்டேனா? காது மந்தத்துல தெரியாம எதையாவது கூட்டி வெச்சிட்டேனா?"

"ச்சே, அதெல்லாம் இல்லண்ணே," என்று எழுந்துகொண்டார் ஹேமநாதன். தண்ணீர் குடித்தது நினைவிருந்தது, விடைபெற்றது நினைவில்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவர் வாயிலருகே நின்றுகொண்டு வந்தார். வெப்பத்துக்கு மருந்து உண்டு. அந்தத் திருகைத் திருப்பினால் போதும். லட்சுமணனின் காதில் தாம் போட்டுவிட்டு வந்த ஐயத்துக்கு எந்தத் திருகும் இல்லை. அந்தக் காது சரியாகவே கேட்டது. அதை அப்போதே அறிந்திருந்த ஒரே மனிதர் ஹேமநாதன். ராதிகாவின் சோதனையில் தம் காது தோற்றதை மறைத்து, தோற்காத ஒரு காதைச் செவிடென்று சொல்லியிருந்தார். அன்று பட்டாபிராமில் ஏறிய ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தும் அவர் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது யூசுப், வேறொரு பெட்டிக்கு அளவெடுக்க வந்து காத்திருந்தார். ஹேமநாதன் நடந்ததை எல்லாம் சொன்னார். யூசுப் இம்முறை கேலி செய்யவில்லை.

"இதுக்கு ஏன் மச்சான் இப்டி இடிஞ்சி போயி உக்காந்துகினு கீற? போ, திருகக் கொறை, ரிப்பேர் ஆயிடுச்சின்னு சொல்லு, வந்துடு. வயசானவங்க. பழசக் கெளறி அவங்களயும் நோவடிச்சி நீயும் நொந்து, எதுக்கு?"

"சூடு போயிடும் யூசுபு. அவுரு காது?"

"காதுக்கு டாக்டர்கிட்ட போவச் சொல்லு."

ராதிகா மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "டாக்டரு நல்லா கீதுன்னு சொன்னா மட்டும் நம்பிடுவாரா? இவுரு சொன்னத நம்பினவரு அவரு. இவுரு வாயாலதான் எடுக்கணும்." பிறகு கணவரைப் பார்த்து, "அன்னிக்கு நான் மாத்தி மாத்தி வெச்சேனே, அத்தையும் சேத்து சொல்லு. பாதிய முழுங்கிட்டு மீதியச் சொல்லாத," என்றார்.

சனிக்கிழமை மாலை ஹேமநாதன் மீட்டரும் திருப்புளியுமாகத் திருநின்றவூர் போனார். லட்சுமணன் அவருக்கு முன்னதாகவே கருவியைத் துடைத்து, மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்து வைத்திருந்தார். பிழை தம்முடையதாக இருந்தால் அதை நேரில் பார்க்கவேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஹேமநாதன் மூடியைக் கழற்றினார். மீட்டரை இணைத்து மின்சாரம் கொடுத்தார். திருகைத் தொடாமல் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இதுல கோளாறே இல்ல. அன்னிக்கு உங்களாண்ட பொய் சொன்னேன்."

லட்சுமணன் புரியாமல் பார்த்தார். ஹேமநாதன் நிமிராமலே சொல்லிக்கொண்டு போனார். கூட்டத்தில் ஒருவர் சொன்ன சொல்லையும், அதற்காகவே ஏ வகையைத் தேர்ந்ததையும், இந்தக் கூடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காததையும், கருவியைத் தாமதமாகக் கொடுத்ததையும் சொன்னார். கட்டிலில் நாகம்மாள் தலையை இந்தப் பக்கம் திருப்பினார்.

"மார்கழில ரெண்டும் ஒண்ணா கீதுன்னு சொன்னீங்களே, அது சரிதாண்ணே. உங்களுக்கு முன்னாடியே என் பொஞ்சாதி எனக்கு மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துச்சு. நானும் கண்டுபிடிக்கல. உங்க காதுல ஒரு குறையும் இல்ல. நான்தான்..."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதாண்ணே."

லட்சுமணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ஹேமநாதனுக்குத் தோன்றியது. எதிரே இருந்த பெட்டியின் உள்ளே, ஒழுங்காக வளைத்துக் கட்டப்பட்ட கம்பிகளையே லட்சுமணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி வீட்டு ஏழுமலை, பையனுக்கு அரங்கேற்றம்னு மிருதங்கத்த எடுத்துக்கிட்டு வந்தான்," என்றார் கடைசியில். "முடியாதுன்னுட்டேன். வேற எவன்கிட்டயோ குடுத்து, வலந்தலைத் தோலு கிழிஞ்சிபோச்சாம். வந்து சொல்லிட்டுப் போனான்." எழுந்து உள்ளே போனார். பரணுக்கு ஏணி சாய்க்கும் ஓசை கேட்டது.

ஹேமநாதன் திருகைத் திருப்பினார். மீட்டரின் எண் இறங்கி, வேண்டிய இடத்தில் நின்றது. அதுவரை கையைச் சுட்ட துடுப்புகள் மெல்ல ஆறத் தொடங்கின. உள்ளறையிலிருந்து லட்சுமணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தோளில் உறையிட்ட மிருதங்கம் இருந்தது. ஹேமநாதன் எழுந்து நின்றார். லட்சுமணன் அவரைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தவரை ரயிலடி வரை கொண்டுவிடுவது அவர் வழக்கம். அன்று தெருக்கதவைச் சாத்தக்கூட அவர் திரும்பவில்லை.

"சனிக்கிழமை இல்ல? பஜனைக்குப் போறாரு," என்றார் நாகம்மாள்.

"கோவமா போறாரு அண்ணி."

"பின்னே, வராதா?" நாகம்மாள் வலக்கையால் துண்டைச் சரிசெய்துகொண்டார். "உங்க காதுக்கு ஒண்ணுமில்லன்னு இத்தனை மாசமா நான் கரடியா கத்தினேன் தம்பி. கட்டினவ பேச்சக் கேக்கல. நீங்க சொன்ன ஒரு வார்த்தையக் கேட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

ஹேமநாதன் குனிந்து மூடியைப் பொருத்தினார். ஒரு திருகாணி பிடிபடாமல் விரலிலிருந்து நழுவி, கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் முழந்தாளிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கையில், மேலே நாகம்மாள், "பாட்டப் போட்டுட்டுத் தேடுங்க," என்றார்.

போட்டார். நாகம்மாளின் நெற்றியில் வியர்வை இருந்தது. வெயிலின் வியர்வை மட்டும். அவர் கண்களை மூடிக்கொண்டார். ஹேமநாதன் போகவும் மனமின்றி, இருக்கவும் கூசி, வாயிற்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். லட்சுமணன் திரும்பி வந்தால் என்ன சொல்வாரோ தெரியாது. எதுவானாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் ரயிலேறுவது என்று மட்டும் முடிவு செய்திருந்தார்.